மடல் பேசுகிறது, மலை கேட்கிறது

"படிக்காமல் பழிக்காதே, தம்பி, படித்துவிட்டுப் பழி."

சாட்சியாபுரத்து மூத்த ஆசிரியர் ஒருவர் இப்படிச் சொல்லித்தான் அந்த ஏட்டை என் கையில் தந்தார். மறைந்த போப் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றுமடல் அது. தமிழில் 'இறைவா உமக்கே புகழ்' என்று பெயர். தந்தவர் தென்னிந்தியத் திருச்சபையினர். மடலோ கத்தோலிக்கத் தலைமைப்பீடத்தினுடையது. வேலி தாண்டி நூல் கொடுக்கும் நல்ல மனம் அவருக்கு. தலைப்பைக் கண்டதும் மூடி வைத்திருக்கலாம். மூடவில்லை. பொருள் நம் வாசலுக்கு வந்துவிட்ட பொருள்.

நம் பக்கத்து மண் வானம் பார்த்த கரிசல். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியபோது, அவர்களுக்கு இந்த ஊர் தந்த முதல் என்ன? வறண்ட காற்று, வற்றாத வெயில். இன்றும் பட்டாசு ஆலையில் மருந்தேற்றிய சரக்கைக் காயவைப்பது அந்த வெயில்தான். அந்த வானம் இன்று கணக்குத் தப்புகிறது. 2023 டிசம்பரில் அண்டை மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. புவி சூடேறச் சூடேற இத்தகைய பெருமழை மிகும் என்கிறது அறிவியல். எங்கோ துருவத்தில் பனி உருகும் கதையென்று இனி இருக்க இயலுமா?

மடலின் நல்லவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு இயல்கள், 246 பத்திகள். புவி சூடாவதற்குப் பெருங்காரணம் மனிதன் எரிக்கும் எரிபொருளே என்பதை ஒளிக்காமல் ஒப்புகிறது. செல்வ நாடுகள் ஏழை நாடுகளுக்குக் கடன்பட்டிருக்கின்றன என்கிறது. கரியமில வாயுவுக்கு விலைச்சீட்டு எழுதி விற்கும் வணிகத்தைச் சாடுகிறது. 1633இல் கலிலியோவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய பீடம், அறிவியலார் அறிக்கையை ஏற்றுப் பேசுகிறது! காலந்தாழ்ந்த வரவுதான், ஆயினும் வரவேற்போம்.

1967ஆம் ஆண்டு லின் ஒயிட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் ஒரு குற்றச்சாட்டு வைத்தார். மண்ணை ஆளவே மனிதன் படைக்கப்பட்டான் என்ற விவிலியப் பாடமே மேலைநாட்டார் இயற்கையைச் சூறையாட மனத்துணிவு தந்தது என்றார் அவர். அசிசி நகரத்துப் பிரான்சிசை இயற்கைக் காவலராகக் கொள்ளலாம் என்று பரிந்துரைத்தவரும் அவரே. மடலின் தலைப்பு அந்தப் பிரான்சிசின் பாட்டிலிருந்து வந்தது! கிறித்தவர் சில வேளைகளில் மறைநூலைத் தவறாகப் பொருள்கொண்டனர் என்று மடலும் ஒப்புகிறது. 'சில வேளைகளில்' என்ற சொல்தான் தொண்டையில் நிற்கிறது.

இனி 146ஆம் பத்தி. என் சண்டை முழுவதும் அந்தப் பத்தியோடுதான். பழங்குடி மக்களைப் பல சிறுபான்மையருள் ஒருவராக எண்ணலாகாது. அவர்கள் நிலத்தைத் தொடும் பெருந்திட்டங்களில் அவர்களே உரையாடலின் முதன்மைப் பங்காளிகள் ஆகவேண்டும் என்கிறது அது. நன்று. ஆனால், உரையாடலைக் கூட்டுபவர் யார்? முடிவெடுப்பவர் யார்? மலைமக்கள் பேசலாம், மற்றவர் கேட்டுக்கொள்வர் என்பதோடு பத்தி நின்றுவிடுகிறது. அவர்கள் மறுத்தால் அந்த மறுப்பே முடிவு என்று எழுத எழுதுகோல் ஓடவில்லை.

இன்னொரு மௌனமும் உண்டு. கொலம்பசு கண்ட நிலங்களை ஸ்பெயின் அரசுக்கு எழுதிக்கொடுத்தது யார்? 1493இல் போப் ஆறாம் அலெக்சாந்தர். அந்த ஆணையைப் பற்றி 246 பத்திகளிலும் ஒரு சொல் இல்லை. மடல் வெளியான அடுத்த மாதமே பொலிவியாவில் போப் மன்னிப்புக் கேட்டார். அதை மறைத்தால் நான் நேர்மையற்றவனாவேன். எனினும், கண்டவனுக்கே நிலம் என்ற அந்தக் கோட்பாட்டை வாத்திகன் வெளிப்படையாகக் கைவிட்டது 2023 மார்ச்சில்தான். அமேசான் பகுதி மக்களுக்கென 2019இல் கூடிய ஆயர் மாமன்றம், மணமான உள்ளூர்ப் பெரியோரையும் குருக்களாக்கலாம் என்று வாக்களித்தது. 2020இல் வந்த போப்பின் விடையில் அதற்குப் பதிலே இல்லை. காட்டைக் காக்க அவர்கள் தலைமை வேண்டும். பீடத்தில் அவர்கள் தலைமை வேண்டாமா?

இந்த மடலுக்கு நல்ல உரை எழுதியவர் ஒரு தமிழர். எழுதியது ஏட்டிலன்று. திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்த சேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்டில் ஆதிவாசிகளிடையே வாழ்ந்தார். ஞானம் போதிக்க அவர் அங்கே மேடை போடவில்லை. ஐந்தாம் அட்டவணை ஏன் ஏட்டோடு நிற்கிறது, 1996இன் பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம் ஏன் உறங்குகிறது, கிராம சபையைக் கேளாமல் சுரங்கம் எப்படி வருகிறது என்று கேட்டார். 2020 அக்டோபர் 8ஆம் நாள், 83 வயதில், கைதானார். நடுக்குவாத நோயாளியான அவர், நீர் அருந்த உறிஞ்சுகுழல் வேண்டி நீதிமன்றத்தில் மனுச் செய்ய நேர்ந்தது. 2021 சூலை 5ஆம் நாள், பிணை கிடைக்காமலே மாண்டார். கடவுளைப் பற்றி அவருக்கும் நமக்கும் வழக்கு உண்டு. அந்த உறிஞ்சுகுழலைப் பற்றி வழக்கே இல்லை.

ஆனால், தோழர்களே, இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. ஸ்டேன் சுவாமியின் பெயரை அறிவோம். கோயல்-காரோ அணையை எதிர்த்துத் தப்காராவில் 2001 பிப்ரவரி 2ஆம் நாள் காவலர் துப்பாக்கிக்கு மாண்ட எண்மரின் பெயரை அறிவோமா? சர்ணா நெறியினரும் கிறித்தவருமாக முண்டா மக்கள் கூடி நின்ற போர் அது. அணைத்திட்டம் பின்னர்க் கைவிடப்பட்டது. தலைமை அவர்களுடையது. துறவி சென்று சேர்ந்துகொண்டது அத்தகைய மக்களின் வரிசையில். இதைத் திருச்சபையும் மறக்கிறது, நாமும் மறக்கிறோம்.

நாமும் என்றேன், காரணம் உண்டு. 2013இல் நியாம்கிரி மலையில் பாக்சைட்டு வெட்டலாமா என்று, உச்ச நீதிமன்ற ஆணைப்படி, டோங்கிரியா கோந்த் மக்களின் பன்னிரண்டு கிராம சபைகள் கேட்கப்பட்டன. பன்னிரண்டும் மறுத்தன. மலை எங்கள் தெய்வம் என்றனர். அதைக் கேட்டு நம்மவர் சிலர் முகம் சுளித்தனர். மலையைத் தெய்வம் என்று நான் சொல்லமாட்டேன். அதற்காக அவர்கள் வாக்கு செல்லாததாகிவிடுமா? அவர்கள் உரிமைக்குப் போப்பின் சான்றிதழும் வேண்டாம். பகுத்தறிவாளனின் சான்றிதழும் வேண்டாம்.

தொலைவு போவானேன்? மேற்கே பாருங்கள். திருவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பில் பளியர் வாழ்கின்றனர். தேனும் கிழங்கும் அறிந்த மக்கள். 2021இல் அம்மலைத்தொடர் திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று. புலியும் வாழட்டும், வைகையின் ஊற்றும் வாழட்டும். ஆயின் காட்டைக் காக்கும் திட்டத்தில் பளியரின் இடம் எது? வழிகாட்டியா, வேலையாளா, தலைவரா? வன உரிமைச் சட்டம் வந்தது 2006இல். நீதிமன்ற இடைக்கால ஆணையால் தமிழ்நாட்டில் 2008 முதல் 2016 வரை உரிமைப் பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்தது. அந்த எட்டாண்டில் நம் மன்றங்களில் எத்தனை கூட்டம் போட்டோம்? அதைப் பற்றி ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

நம் ஊர்க் கதையும் அதுவே. 2018 அக்டோபரில் சரவெடிக்கும் பேரியத்துக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. காற்றுக்கு அது நல்லதே. ஆலை முதலாளிகள் பேசினர், வழக்கறிஞர்கள் பேசினர். திரி கிள்ளிக் கருத்த விரல்களை யார் கேட்டார்?

மடலைத் திருப்பிக் கொடுத்தபோது இவ்வளவையும் ஆசிரியரிடம் சொன்னேன். "பழித்துவிட்டாய், சரி. பளியரை நீ எப்போது பார்த்தாய்?" என்று கேட்டார். பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை. வரும் ஞாயிறு, ஆராதனை முடிந்து அவர் வந்ததும், இருவரும் செண்பகத்தோப்புக்குப் பேருந்து ஏறுகிறோம். மடலை எடுத்து வரவேண்டாம் என்றேன். வன உரிமைச் சட்டத்தின் தமிழ்ப்படி ஒன்று தேடிப் பிடித்திருப்பதாகச் சொன்னார்.