இரக்கமும் எதிர்பார்ப்பும்: மலையகத் தமிழர் பற்றிய சில படிமங்கள்

இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்னும் பாகுபாடு 1911 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டிலே முதன்முதலாக இடம்பெற்றது. கணக்கெடுப்போரின் வசதிக்காக ஏற்பட்ட அப்பாகுபாடு, காலப்போக்கிற் பண்பாட்டையும் அறிவாற்றலையும் அளக்கும் கோலாக மாறியமை நமது சமூக வரலாற்றின் கசப்பான அத்தியாயங்களுள் ஒன்று. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டில் வந்த சட்டங்களும் இம்மக்களின் நாட்டையும் வாக்கையும் பறித்தன. 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அவ்வாறு கப்பலேறி நீலகிரியிலே குடியமர்ந்தவர்களை அங்குள்ளோர் ‘சிலோன்காரர்’ என்றனர். இங்கே தங்கியவர்களோ இன்னும் ‘இந்தியர்’. கடலின் இரு கரையிலும் அந்நியர் என்னும் ஒரே பெயர்தான் இரு சொற்களிலே வழங்கியது.

சட்டத்தின் கதை நன்கறியப்பட்டது; அதனை இவ்வளவில் நிறுத்தலாம். சட்டத்தாற் களைய இயலாத ஒன்றைப் பற்றியே இங்கு நோக்க வேண்டியுள்ளது. ‘தோட்டக்காட்டான்’, ‘கள்ளத்தோணி’ முதலிய வசைச்சொற்கள் படித்தவர் அவையிலே இன்று பெரும்பாலும் ஒலிப்பதில்லை. அவற்றின் இடத்தைப் பிடித்திருப்பது பரிவு. ‘தோட்டத்துப் பிள்ளையாக இருந்தும் நன்றாக எழுதுகிறார்’ என்னும் பாராட்டைப் பலரும் கேட்டிருப்பர். அவ்வாக்கியத்திலுள்ள ‘இருந்தும்’ என்னும் சொல்லைக் கூர்ந்து நோக்குக. வசைச்சொல் செய்த வேலை முழுவதையும் அது ஓசையின்றிச் செய்து முடிக்கிறது. வசைக்கு மறுமொழி கூறலாம். பாராட்டுக்கு நன்றியல்லவா கூற வேண்டியுள்ளது!

இப்படிமத்தின் இலக்கிய வேர் ஆழமானது. 1935 இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைத் தமிழ் வாசகனின் மனத்திலே பதித்த முன்னோடிப் படைப்புகளுள் ஒன்று. திருநெல்வேலிச் சிற்றூரிலிருந்து வரும் மருதியின் வாழ்வை நோயும் பாலியற் கொடுமையும் சூறையாடுகின்றன. ஆசிரியர் இலங்கைக்கு வந்து கண்டெழுதியவரல்லர். ஆயினும் சுரண்டலின் மீது அவர் கொண்ட சீற்றம் உண்மையானது. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் எமது நோக்கமன்று. ஆனால் கதையின் தலைப்பே பிற்காலத்தில் ஒரு சமூகத்தின் வரைவிலக்கணமாகிவிட்டது. அட்டை கடித்த கால்கள், லயத்துப் புகை, கண்ணீர் ஆகிய மூன்றும் அமைந்தாலே மலையக எழுத்து எனக் கொள்ளும் வழக்கம் அதன் பின்விளைவு. இவற்றை எழுதக்கூடாதென்பதில்லை, லயங்கள் இன்றும் உள்ளன. இவற்றை மட்டுமே எழுதுக என்பதுதான் அநீதி.

இதற்கு மாறாக, என். எஸ். எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ (1961) நமது ஆழ்ந்த கவனத்துக்குரியது. வழக்கத்துக்கு மிஞ்சிய கொழுந்தை ஒரு பெண் பறித்துவிடுகிறாள். அவள் கைத்திறனை எவரும் வியக்கவில்லை. கணக்கிலே ஏதோ சூது நடந்திருக்க வேண்டுமென ஐயுறுகின்றனர். தன் திறமையைத் தன் கைகளாலேயே மெய்ப்பிக்க வேண்டிய நிலை அவளுக்கு ஏற்படுகிறது. இக்கதையைப் பெரும்பாலும் தொழிலாளர் வாழ்வின் மண்வாசனைச் சித்திரமாகவே வாசித்து வந்துள்ளோம். உண்மையில் இது ஐயத்தைப் பற்றிய கதை. ஒருவர் தமக்கென வகுக்கப்பட்ட அளவைத் தாண்டும்போது, தவறு அளவுகோலிலே இருக்கலாமென்று கருதாது அவரிலே தேடும் மனப்பாங்கே இங்கு விசாரணைக்குள்ளாகிறது. ராமையா இரக்கம் கோரவில்லை. அவருடைய பெண் கேட்பது சரியான நிறுவையை மட்டுமே.

பல்கலைக்கழக வாழ்விலும் இந்நிறுவைச் சிக்கல் உண்டு. நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலிருந்து வருபவரின் வெட்டுப்புள்ளி குறித்த முணுமுணுப்பு ஓர் எடுத்துக்காட்டு. கல்வியிற் பின்தங்கியவையாகக் கணிக்கப்படும் மாவட்டங்களுள் மன்னாரும் முல்லைத்தீவும் அம்பாந்தோட்டையும் அடங்கும். அம்மாவட்டத்து மாணவரின் புள்ளி அம்மாவட்டத்தின் வசதிக்குறைவைச் சுட்டுவதாகக் கொள்கிறோம். மலையக மாணவரின் புள்ளியை மட்டும் அவரது பிறப்பின் அளவாகக் கொள்வதற்கு நியாயம் யாது? தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களிலேதான் என்பதை முணுமுணுப்போர் நினைவிற் கொள்வதில்லை.

பேச்சுமொழி பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணத்துப் பேச்சு செந்தமிழுக்கு அண்மையது என்னும் பெருமிதம் நம்மிடையே வேரூன்றியது. மட்டக்களப்பாரும் தம் பேச்சுக்கு அவ்வாறே உரிமை கோருவர். அது வேறு வழக்கு. மேடை நாடகங்களிலே மலையகப் பேச்சு பெரும்பாலும் வேலைக்காரனுக்கும் கோமாளிக்கும் ஒதுக்கப்படுவதேன்? வேறு வகையிற் பேசும் மலையக மாணவரைப் பார்த்து ‘நீர் தோட்டத்து ஆள் மாதிரி இல்லையே’ என்று வியப்பவர், அதனை நட்பின் அடையாளமாகவே கருதுகிறார்.

விமர்சகரும் இக்குற்றத்துக்குப் புறம்பானவரல்லர். தெளிவத்தை ஜோசப்பின் ‘குடைநிழல்’ கொழும்பிலே கைதாகும் தமிழரொருவரின் அச்சத்தைப் பேசுகிறது. தேயிலைச் செடிக்கு அங்கு வேலையில்லை. ‘காலங்கள் சாவதில்லை’ நாவலைத் தந்தவரென அவரைப் போற்றுவோர் குடைநிழலின் முன்னே சற்றுத் தயங்குகின்றனர். மலையக எழுத்தாளர் மலையிலிருந்து இறங்கியதும் அவரை எந்த அடுக்கில் வைப்பதென்று நமக்குத் தெரியவில்லை போலும்.

பேராதனையிலே இதனைச் சிந்திப்பது பொருத்தமானது. 1952 முதல் இவ்வளாகத்தின் தலைமேல் நிற்பது ஹந்தானை மலை. அதன் சரிவுகளிலே தேயிலை. அத்தகைய சரிவொன்றிலிருந்து விரிவுரை மண்டபத்துக்கு வரும் மாணவி யாப்பியலிலே ஆய்வுக்கட்டுரை எழுத விரும்பினால், ‘உமது மக்களின் நாட்டார் பாடல்களைச் செய்யலாமே’ என்னும் ஆலோசனை அன்போடு வழங்கப்படுகிறது. யாழ்ப்பாணத்து மாணவரிடம் பனங்கூடலை ஆராயும்படி எவரும் வற்புறுத்துவதில்லை. நாட்டார் பாடல்கள் ஆராயத்தக்கனவே. சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தொகுத்து 1983 இல் நூலாக்கினார். அதற்கு முன்னரே அவர் ஆங்கிலத்திற் கவிதை புனைந்தார், 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராக நாடாளுமன்றம் சென்றார், தொழிற்சங்கம் நடத்தினார், நாவல்கள் எழுதினார். பாடல்களுக்கு அவர் வந்து சேர்ந்தது இவையனைத்தின் ஊடாகவே.