மாமல்லைப் பூனையும் மரக்கட்டை அச்சும்

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் விலா எலும்பு தெரிய, ஒற்றைக் காலில் நின்று, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறார் ஒருவர். அதே பாறையில் ஒரு பூனையும் பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களை அவரைப் போலவே உயர்த்தி நிற்கிறது. அதன் காலடியில் நம்பி வந்த எலிகள். மகாபாரதத்திலும் வரும் இந்தப் போலித் துறவிப் பூனையை 7ஆம் நூற்றாண்டிலேயே ஒரு பல்லவச் சிற்பி மெய்யான தவத்தோடு சேர்த்துச் செதுக்கிவிட்டான். ஆகவே விலங்கை வைத்து மனிதரை எள்ளும் சித்திரம், லண்டன் ‘பஞ்ச்’ இதழ் நமக்குக் கற்றுக்கொடுத்தது என்ற வாதம் நிற்காது. அங்கிருந்து வந்தது அச்சு முறைதான். தாமஸ் பியூவிக் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தேர்ச்சிபெறச் செய்த மரச்செதுக்கில், இறுகிய பாக்ஸ்வுட் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் கூருளியால் மயிரிழைக் கோடுகள் கீறப்படும். அந்தக் கட்டையை எழுத்தச்சின் உயரத்துக்கே அறுப்பார்கள். அதனால் படமும் எழுத்தும் ஒரே இழுப்பில் அச்சாகும். கட்டையும் எளிதில் தேயாது.

இந்த வித்தை சென்னைக்குத் தாமதமாகவும் வரவில்லை. மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளியில் மரச்செதுக்கு கற்பிக்கப்பட்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்றுள்ள அரசு கவின் கலைக் கல்லூரி அதன் வழிவந்ததே. மரபும் கையும் கருவியும் இருந்தும், சென்னையில் விலங்கு நையாண்டி ஒரு மரபாக வேரூன்றவில்லை. படிப்பவர்கள் குறைவு என்பார்கள். அதை நான் ஏற்கவில்லை. பஞ்சதந்திரக் கதைகளைத் தாண்டவராய முதலியார் 1826இலேயே தமிழ் உரைநடையில் தந்துவிட்டார்; நரியும் சிங்கமும் எதைக் குறிக்கின்றன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கல்கத்தாவைப் பார்த்தால் காரணம் விளங்கும். அங்கே பட்தலா கடைத்தெருவின் கைவினைஞர்கள் தெருவில் வாங்குவோருக்காகச் செதுக்கினார்கள். நாமமும் துளசிமாலையும் தரித்த பூனை வாயில் இறாலைக் கவ்வியிருக்கும் காளிகாட் சித்திரமும் அப்படியொரு சந்தையில் பிறந்ததுதான். சென்னையிலோ செதுக்குளியைப் பழக்கியது அரசின் கைத்தொழில் கல்வி. பொருளைத் துல்லியமாகக் காட்டு என்பதுதான் அதன் பாடம். யாரைக் குத்துவது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

விலங்கு வேடம் தணிக்கையிலிருந்து தப்பும் வழி என்பது இன்னொரு கருத்து. 1857 ஆகஸ்ட் 22இல் ‘பஞ்ச்’ வெளியிட்ட ஜான் டென்னியலின் படத்தில், பெண்ணையும் குழந்தையையும் மிதித்து நிற்கும் வங்கப் புலிமேல் பிரிட்டிஷ் சிங்கம் பாய்கிறது. அங்கே மறைப்பதற்கு எதுவுமில்லை. ஆளும் பக்கத்தின் பழிவாங்கலை அறமாகக் காட்டவே சிங்கம் வந்தது. அந்த ஆண்டு கிளர்ந்தெழுந்த சிப்பாய்களின் குறையைக் கேட்கவே விடாமல் அவர்களை மிருகமாக்கியது அந்தப் படம். விலங்கு உருவம் தீர்ப்பை விரைவுபடுத்தும். அது யார் தீர்ப்பு என்பது அச்சுக்குப் பணம் போடுபவரைப் பொறுத்தது. தமிழ்க் கருத்துப்படத்துக்கு அந்தப் பணம் அரசு சாராத கையிலிருந்து 1906இல் வந்தது. மண்டயம் திருமலாச்சாரியாரின் ‘இந்தியா’ வார இதழில் பாரதி அரசியல் கருத்துப்படங்களைத் தொடர்ந்து வெளியிட்டார். 1908இல் அரசு பாய்ந்தது. பதிவில் ஆசிரியராக இருந்த எம். சீனிவாசன் சிறைக்குப் போனார்; பாரதி புதுச்சேரிக்குப் போனார்; இதழும் படங்களோடு அங்கிருந்து மீண்டும் வெளிவந்தது.