அட்டை சேர்க்கும் ஆட்டங்கள்: ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் நெடுங்காலமாக ஆடப்பட்டு வரும் கடதாசி விளையாட்டுகளுள் முந்நூற்றுநான்கு தலையாயது. நால்வர் இருவர் இருவராய்க் கட்சி சேர்ந்து 32 கடதாசிகளைக் கொண்டு அதனை ஆடுவர். ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, இராசா 3, இராணி 2 எனப் புள்ளிகள் அமைய, ஓரினத்துக்கு 76 ஆகி, நான்கினத்துக்கும் 304 ஆகின்றது. பெயர்க்காரணமும் அதுவே. இவ்வாட்டத்திற் கட்டு ஒன்றே. அஃது ஆடுவோர் எவர்க்கும் தனியுடைமையன்று. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் எட்டுக் கடதாசிகளே வரும். எவை வரும் என்பது ஊழின்பாற்பட்டது. கேட்பதும், துரும்பை மறைத்து வைப்பதும், கூட்டாளியின் கையை ஊகித்தறிவதும் அறிவின்பாற்பட்டன.

இன்று கைத்தொலைபேசியில் இளைஞர் ஆடும் அட்டையாட்டங்கள் வேறோர் இயல்பின. அவற்றில் ஒவ்வொருவரும் தத்தம் கட்டைத் தாமே அமைத்துக்கொண்டு களம் புகுவர். இம்முறையைப் பரவச் செய்தது றிச்சட் கார்பீல்ட் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் வகுத்து 1993இல் வெளியான ‘மஜிக் த கதரிங்’ என்னும் ஆட்டமாகும். உள்ளே எவை உள என்பது தெரியாதவாறு ஒட்டப்பட்ட பொதிகளில் அதன் அட்டைகள் விற்கப்பட்டன. பிளிசார்ட் நிறுவனத்தார் 2014இல் வெளியிட்ட ‘ஹார்த்ஸ்டோன்’ இம்முறையைக் கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் கொணர்ந்து, நுழைவுக்கு விலையின்மையையும் அதனோடு சேர்த்தது. காசின்றி உட்புகலாம், அட்டைகள் வேண்டுமாயின் ஆடிச் சம்பாதிக்கலாம், அன்றேல் வாங்கலாம். பின்வந்தவற்றுட் பலவும் இவ்வழியையே பின்பற்றின.

இவ்வாட்டங்களின் சிறப்பு, கட்டமைக்கும் கலையிலேயே உளது. ஹார்த்ஸ்டோனில் ஒரு கட்டு பொதுவாக 30 அட்டைகளாலானது. ஒரே அட்டையை இரண்டின் மேல் வைத்தலாகாது. உச்சவகை அட்டையாயின் ஒன்றே. நூற்றுக்கணக்கானவற்றுள் முப்பதைத் தெரிந்து ஏனையவற்றை விலக்குதல் எளிய செயலன்று. தனித்து நோக்க வலிய அட்டை கட்டினுட் பொருந்தாது நிற்கும். அற்பமெனத் தோன்றுவது பிறிதொன்றோடு சேர்ந்து வெற்றி தரும். சீர் நன்றாயினும் தளை தட்டின் நீக்குவதே யாப்பு நெறி என்பதை அறிந்தவர்க்கு இது விளங்கும். மேலும், ஒவ்வோர் அட்டையும் தன்மேல் ஒரு விதியைத் தாங்கி வந்து ஆட்டத்தின் பொதுவிதியை அவ்விடத்தில் மாற்றுகின்றது. பொதுவிதியைச் சிறப்புவிதி விலக்கும் என்பது இலக்கணம் பயின்ற மாணவனுக்குப் புதிதன்று. (இவ்விதிகள் ஆங்கிலத்தில் உள்ளமையால், வகுப்பறையில் நிபந்தனை வாக்கியம் என்றதும் முகம் சுளிக்கும் பிள்ளைகள் அவற்றைப் பிழையறப் படித்துப் பொருள்கொள்வது ஆசிரியர்கள் சிந்தித்தற்குரியது.)

வல்வெட்டித்துறையிலே தைப்பொங்கலன்று நிகழும் பட்டப் போட்டியும் இத்தகைய ஆக்கத் திறனையே களத்துக்குக் கொணர்வது. அங்கும் ஒவ்வொருவரும் தாம் கட்டியதையே ஏந்தி வருவர். கட்டுவதிற் பாதி வெற்றி அமைந்துவிடும். ஆதலின், தன் கட்டைத் தானே கொணர்தல் குற்றமென்று கூறுதல் பொருந்தாது. குற்றம் கட்டுதற்குரிய பொருள் வந்துசேரும் வழியிலேயே உளது. பட்டம் கட்டுவோன் மூங்கிலையும் தாளையும் கண்ணாற் பார்த்துத் தெரிந்து வாங்குகிறான். மூங்கிலை மூடிய பொதியில் இட்டு, ‘இருபது பொதிக்கு ஒன்றிலே நல்ல மூங்கில் இருக்கும்’ என்று எந்தக் கடைக்காரரும் அவனுக்கு விற்பதில்லை.

ஹார்த்ஸ்டோனின் விற்பனை ஏறத்தாழ அத்தகையதே. பொதி ஒன்றில் ஐந்து அட்டைகள்; அதன் விலை ஆட்டத்தினுள் வழங்கும் பொற்காசு 100. சீன அரசின் விதிப்படி 2017இல் நிறுவனத்தார் வெளிப்படுத்திய கணக்கின்படி, உச்சவகை அட்டை சராசரியாக இருபது பொதிகளுக்கு ஒன்று. தொடக்க ஆண்டுகளில் மூன்று வெற்றிகளுக்குப் பத்துப் பொற்காசு கிடைத்தது. நாட்பணிகளுக்குக் கிடைக்கும் பொன்னை விலக்கி நோக்கின், ஒரு பொதிக்கு முப்பது வெற்றிகளும், ஓர் உச்சவகை அட்டைக்கு அறுநூறு வெற்றிகளும் வேண்டும். அவ்வாறு வந்த அட்டையும் வேண்டிய அட்டையாய் அமைவது அரிது. வேண்டாததைப் பொடியாக்கி வேண்டியதைச் செய்துகொள்ளலாம் என ஆறுதல் ஒன்று வைத்துள்ளனர். ஆயின், உச்சவகை அட்டையொன்றை ஆக்க 1,600 பொடி வேண்டும், ஒன்றை அழித்தாற் கிடைப்பது 400. கடைநிலை அட்டைக்கோ ஆக்க 40, அழிக்க 5. நான்கைக் கொடுத்து ஒன்றையும், எட்டைக் கொடுத்து ஒன்றையும் பெறும் பண்டமாற்று எந்தச் சந்தையிலும் நில்லாது. வந்த அட்டையே மீண்டும் வருங் குறை 2020இற் பெரிதும் தணிக்கப்பட்டது. ஆயினும் 2016 முதல், பழைய அட்டைகள் காலந்தோறும் முதன்மைப் போட்டிமுறையினின்றும் விலக்கப்பட்டு வருவதால், அரிதிற் சேர்த்தவையும் ஆண்டுகள் செல்லப் பயன் குறைகின்றன.

இக்குறை எல்லோரையும் ஒப்பத் தாக்குவதன்று என்பதே கருதத்தக்கது. வல்வெட்டித்துறையில் ஒரு பையனும் தொறன்ரோவில் அவன் சிற்றப்பன் மகனும் ஒரே ஆட்டத்தில் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடுவதாகக் கொள்க. கடல் கடந்து பிரிந்த உறவினர் ஒரு பலகையில் அமர்வது இவ்வாட்டத்தாற் கூடிய நன்மையே. முந்நூற்றுநான்கின் கடதாசிக் கட்டு அவ்வளவு தூரம் நீளாது. ஆனால் பொதிக்குரிய விலை டொலரில் விதிக்கப்பட்டது. இரண்டு பொதிகள் 2.99 டொலர் என்னும் தொடக்க விலையைக் கொண்டு நோக்கின், 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அஃது ஏறத்தாழ 600 ரூபா. ரூபா வீழ்ந்த அவ்வாண்டு மே மாதத்திற் ஆயிரத்தைத் தாண்டியது. தொறன்ரோப் பையனுக்கு அது சிற்றுண்டிக் காசு. ஊர்ப் பையனுக்கோ வீட்டுக்கு அரிசி வாங்கும் காசு. எனவே முன்னவன் பணத்தாலும் பின்னவன் பொழுதாலும் விலை செலுத்துகின்றனர். இலவசம் என்ற சொல் பொழுதுக்கு விலையில்லை என்று கருதுவோரிடத்தே மட்டும் செல்லும்.

சேர்த்தவை சேர்த்தவனுக்கு உரியவையுமல்ல. முத்திரை சேர்க்கும் சிறுவன் தன்னிடம் இரண்டுள்ளதைத் தோழனுக்கு ஈந்து தன்னிடம் இல்லாததைப் பெறுவான். நட்பு வளர்வதும் அங்கேதான். ஹார்த்ஸ்டோனில் அட்டையைப் பிறர்க்கு ஈய வழியில்லை. 2024இல் வெளியான ‘போக்கிமொன்’ கைத்தொலைபேசி அட்டையாட்டம் நாளுக்கு இரு பொதிகளை இலவசமாகத் திறக்கவிடுகின்றது. 2025 ஜனவரியில் அட்டை மாற்றும் வசதி அதனுட் புகுத்தப்பட்டபோது, அரிய அட்டையொன்றை மாற்றுவதற்கு வேறு அரிய அட்டைகளை அழிக்க நேர்ந்தது. ஆடுவோர் பலர் வெகுண்டமையால் அம்முறை பின்னர் மாற்றப்பட்டது. கொடுக்கல் வாங்கலுக்கே தண்டம் விதித்தது விந்தையே.

இது சூதா என்னும் வினா பல நாடுகளில் எழுந்தது. ஒரு தொகுதி முழுவதையும் குலுக்கலாற் சேர்த்தவனுக்குப் பரிசளிக்கும் முறையை யப்பான் 2012இல் சட்டவிரோதமெனக் கொண்டது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு 2018இல் சில ஆட்டங்களின் குலுக்கற் பெட்டிகளைச் சூதென்றே முடிவு செய்தது. சூதில் வென்றவன் பொருளோடு எழுவான்; இங்கோ வென்றவனும் பொருளோடு எழுவதில்லை ஆதலின், இது சூதன்று என்பர் சிலர். அவ்வாதம் சூதினும் இதனை இழிவாக்குகின்றதேயன்றி உயர்த்தவில்லை. திருக்குறளின் 94ஆம் அதிகாரம் தோல்வியினும் வெற்றியையே முதலில் அஞ்சுகிறது. முதல் நாட்களில் வாரி வழங்கப்படும் இலவசப் பொதிகளைக் கண்டவர்க்கு அதன் காரணம் புலனாகும்.

இவ்வளவும் வணிகரின் பேராசையே என்று முடித்துவிடுதல் எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று. றயட் நிறுவனத்தாரின் ‘லெஜென்ட்ஸ் ஒவ் ருனெட்டெரா’ 2020இல் வெளியானபோது, அட்டைகளைத் தாராளமாய் வழங்கி, விரும்பியதை நேரே பெறவும் விட்டது. ஆடுவோர் போற்றினர், பணம் செலுத்தத் தேவையின்மையாற் பலர் செலுத்தவில்லை. வரவினும் செலவு மிகுந்ததென நிறுவனத்தார் 2024 ஜனவரியில் அறிவித்து, ஒருவரோடொருவர் ஆடும் பகுதியைப் பின்தள்ளி, தனித்தாடும் பகுதிக்கே முதலிடம் தந்தனர். எதிர்த்திசையில், வால்வ் நிறுவனத்தாரின் ‘ஆர்டிபக்ற்’ 2018இல் நுழைவுக்கே 20 டொலர் வாங்கி, அதன் மேலும் அட்டைகளை விற்றது, சில மாதங்களில் ஆடுவோரை இழந்தது, 2021இற் கைவிடப்பட்டது.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டு. 2019இல் முழுமை பெற்று வெளியான ‘ஸ்லே த ஸ்பயர்’ ஒருமுறை விலை கொடுத்து வாங்கப்படுவது. பொதிகள் இல்லை, ஆட்டந்தோறும் வெறுங்கையோடு போன்ற சிறு கட்டிலே தொடங்கி, நீட்டப்படும் அட்டைகளுள் ஒன்றைத் தெரிந்து தெரிந்து கட்டை வளர்க்க வேண்டும். கட்டமைக்கும் கலை முழுவதும் அங்குளது. ஹார்த்ஸ்டோனிலும் ‘அரீனா’ என்றொரு பகுதி அவ்வாறே வகுக்கப்பட்டது: மும்மூன்றாய்க் காட்டப்படும் அட்டைகளுள் ஒவ்வொன்றாய் முப்பதைத் தெரிந்து ஆடுதல். எவன் எத்தனை சேர்த்து வைத்துள்ளான் என்பது அங்கே எண்ணப்படுவதில்லை. முந்நூற்றுநான்கின் திண்ணைக்கு மிக அண்மையது அப்பகுதியே. அதன் வாயிலில் மட்டும் 150 பொற்காசு கேட்டனர்.