சாட்சியும் சரித்திரமும்

கொலைகாரக் கூட்டமொன்றைச் சேர்ந்தவன் நீதிமன்றத்தில் உண்மை பேசுவானாயின், அவ்வுண்மையை நாம் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால், அவன் தன்னைப் பற்றித் தானே வரைந்து காட்டும் சித்திரத்தையும் அதனோடு சேர்த்து ஏற்றுக்கொள்ள வேண்டுமா? இத்தாலிய நெறியாளர் மார்க்கோ பெலோக்கியோ 2019 இல் வெளியிட்ட 'துரோகி' என்னும் திரைப்படம் இவ்வினாவை நம்முன் எழுப்புகின்றது. சிசிலித் தீவின் மாபியாக் கூட்டத்தில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் உழன்று, பின்னர் அரச சாட்சியாக மாறிய தொமாசோ புஷெத்தாவின் வாழ்க்கையே அப்படத்தின் பொருள்.

புஷெத்தா 1928 இல் பலெர்மோ நகரில், கண்ணாடித் தொழிலாளி ஒருவரின் பெரிய குடும்பத்திலே கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்திலேயே மாபியாவில் இணைந்தார். சிகரெட் கடத்தலில் வளர்ந்தார். 1963 இல் பலெர்மோவுக்கு அண்மையிலுள்ள சியாக்குல்லியில் வெடிகுண்டு வைத்த காரொன்று வெடித்து ஏழு பேர் மாண்டதன் பின், அரசாங்கத்தின் தேடுதலுக்குத் தப்பி அமெரிக்காக் கண்டத்திற்கு ஓடினார். 1972 இல் பிரேசிலில் பிடிபட்டு இத்தாலியச் சிறையில் அடைக்கப்பட்டார்; 1980 இல் மீண்டும் தப்பினார். 1981 இல் கொர்லியோனே என்னும் ஊரைச் சேர்ந்த தொத்தோ றீனாவின் அணி, மாபியாவின் ஏனைய அணிகளை அழிக்கத் தொடங்கியது. புஷெத்தாவின் இரு புதல்வர்களும் சகோதரரும் உறவினர் பலரும் அந்த யுத்தத்தில் பலியாயினர். 1983 இல் பிரேசிலில் மறுபடியும் கைதானவர், 1984 இல் இத்தாலியிடம் ஒப்படைக்கப்பட்டு, ஜொவான்னி பல்கோனே என்ற விசாரணை நீதவான் முன் வாய் திறந்தார்.

அவர் சொன்னவற்றின் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. மாபியா என்பது சிசிலியரின் மனப்போக்கேயன்றி இயக்கமன்று என்று மேட்டுக்குடியினர் நெடுங்காலம் சாதித்து வந்தனர். அது கிளைகளும் தலைமைக் குழுவும் பிரமாணச் சடங்குகளும் கொண்ட ஒரே அமைப்பு என்பதையும், 'கோசா நோஸ்த்ரா' என்பதே உறுப்பினர் அதற்கு வழங்கும் பெயர் என்பதையும் உள்ளிருந்தவர் ஒருவரின் வாக்குமூலம் தெளிவாக்கியது. 1986 பெப்ரவரியில் பலெர்மோவில் தொடங்கிய பெருவழக்கில் 470 க்கு மேற்பட்டோர் கூண்டேற்றப்பட்டனர். 1987 டிசம்பரில் 300 க்கு மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். 19 பேருக்கு ஆயுட்சிறை கிடைத்தது. 1992 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அதே ஆண்டு மே மாதத்தில் பல்கோனேயும், ஜூலையில் அவருடைய தோழர் போர்செல்லீனோவும் குண்டுகளுக்கு இரையாயினர்.

ஆனால், புஷெத்தா தம்மை 'மனம் வருந்தியவன்' என்று பிறர் அழைப்பதை ஏற்கவில்லை. தாம் கூட்டத்தைக் காட்டிக் கொடுக்கவில்லை; கூட்டத்தின் பழைய நெறிகளைக் காட்டிக் கொடுத்தோர் றீனாவும் அவருடைய ஆட்களுமே என்பது அவர் வாதம். முன்னொரு காலத்தில் மாபியாவிற்குக் கௌரவம் இருந்தது. போதைப்பொருட் பணமும் கொர்லியோனேக்காரரின் வெறியும் அதனைக் கெடுத்தன என்றார். இந்தக் கதைதான் பத்திரிகைகளாலும் சினிமாவாலும் உலகெங்கும் பரவியுள்ளது.

சரித்திரம் கூறுவது வேறு. பெருநிலப் பிரபுக்களின் குத்தகைக்காரராகவும் காவற்காரராகவும் நின்று, உழவனை அடக்கி வைத்த கூட்டத்திலேதான் மாபியாவின் வேர் உள்ளது. 1948 மார்ச்சில், தரிசு நிலங்களைக் கேட்டு விவசாயிகளைத் திரட்டிய தொழிற்சங்கச் செயலாளர் பிளாசிதோ ரிஸ்ஸோத்தோ கொர்லியோனேயில் கடத்திக் கொல்லப்பட்டார். அப்போது அவ்வூர் மாபியாவின் தலைவர் றீனா அல்லர். ஊராரின் மதிப்பைப் பெற்ற வைத்தியர் மிக்கேலே நவாரா. ரிஸ்ஸோத்தோவின் எலும்புகள் அவருடையவையே என்று உறுதி செய்யப்பட்டது 2012 இல். மாபியாக் குடும்பத்திலே பிறந்து, அதனை எதிர்த்து இடதுசாரியாகி, உள்ளூர் வானொலியிலே மாபியாத் தலைவரை எள்ளி நகையாடிய பெப்பீனோ இம்பஸ்தாதோ 1978 மே மாதத்தில் கொல்லப்பட்டார். அக்கொலைக்காக 2002 இல் ஆயுட்சிறை விதிக்கப்பட்டவர் கயெத்தானோ பதலமென்தி. அவர் கொர்லியோனே அணியினரல்லர். அவ்வணியால் விரட்டப்பட்டவர், புஷெத்தாவின் நண்பர். உழைக்கும் மக்களின் பிணங்களின் மீதே அந்தக் 'கௌரவம்' நின்றது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

புஷெத்தாவே மௌனத்தை முதன்முதலில் உடைத்தவர் என்பதும் உண்மையன்று. 1973 இல் லியனார்தோ விதாலே என்பவர் தாமாகவே பொலிஸாரிடம் சென்று, தம் குற்றங்களையும் கூட்டத்தின் அமைப்பையும் கூறினார். அவர் பெயர் குறிப்பிட்டோரிற் பெரும்பாலோர் விடுதலையாயினர். அவரோ மனநோயாளி எனப்பட்டு அடைக்கப்பட்டார். வெளிவந்தபின் 1984 டிசம்பரில் சுடப்பட்டு இறந்தார். அவ்வாண்டு புஷெத்தாவின் பேச்சு மட்டும் எடுபட்டதேன்? பல்கோனேயின் நேர்மையும் அயரா உழைப்பும் ஒரு காரணம். மற்றொன்று சட்டம். மாபியாவில் அங்கம் வகிப்பதே குற்றம், அதன் சொத்து பறிமுதலுக்குரியது என்னும் சட்டத்தை முன்மொழிந்தவர் கம்யூனிஸ்ட் பாராளுமன்ற உறுப்பினர் பியோ லா தொர்ரே. ஏழை விவசாயியின் மகன். 1950 இல் நிலப் போராட்டத்திற்குத் தலைமை தாங்கிச் சிறை சென்றவர். 1982 ஏப்ரல் 30 ஆம் திகதி, தோழர் ரொசாரியோ தி சால்வோவுடன் அவர் பலெர்மோத் தெருவிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் இறந்த பின்னரே, அவ்வாண்டு செப்டெம்பரில் அது சட்டமாயிற்று. புஷெத்தாவின் சொல் நிற்பதற்கு நிலம் அமைத்தவர் அவரே.

இந்தப் பின்னணியில் பெலோக்கியோவின் படத்தை நோக்குவோம். நெறியாளர் தம் கதாநாயகனை வழிபடவில்லை. கூண்டுகளுக்குள் நின்று கைதிகள் கூச்சலிடும் நீதிமன்றக் காட்சிகளில், 'கௌரவ மனிதர்' எனப்படுவோரின் சிறுமை அப்பட்டமாகின்றது. இறுதிக் காட்சி இன்னும் கூர்மையானது. மகனைக் கேடயமாக ஏந்தித் தப்பிய ஒருவனை, அம்மகன் வளர்ந்து மணம் முடிக்கும்வரை காத்திருந்து புஷெத்தா கொல்கிறார். கௌரவக் கதை முழுவதும் அந்த ஒரு துப்பாக்கி வேட்டில் சிதறிவிடுகின்றது. பியெர்பிரான்செஸ்கோ பவீனோவின் நடிப்பும் பாராட்டுக்குரியது.

எனினும், படத்தின் உலகம் கூட்டத்தின் வீட்டுச் சுவர்களுக்குள்ளும் நீதிமன்றச் சுவர்களுக்குள்ளுமே பெரிதும் அடங்கிவிடுகின்றது. கதை 1980 இல், மாபியாக் குடும்பங்கள் கூடும் விருந்தொன்றிலே தொடங்குகின்றது. அதற்கு முந்திய நிலப் போராட்டம் அதனுள் இல்லை. திரையில் பிணங்களின் தொகை எண்களாக ஓடுகின்றது. எவருடைய நலனுக்காக அந்த ஆயுதங்கள் முதலில் தூக்கப்பட்டன என்பது தெரியவில்லை.

பிரான்செஸ்கோ றோசி 1962 இல் எடுத்த 'சல்வத்தோரே ஜூலியானோ' இதற்கு மாறானது. கொள்ளைத் தலைவனின் முகத்தை அப்படம் நமக்கு நன்றாகக் காட்டுவதேயில்லை. 1947 ஏப்ரலில் சிசிலித் தேர்தலில் இடதுசாரி அணி முன்னணிக்கு வந்தது. சில நாட்களின் பின் மே தினத்தன்று, போர்தெல்லா தெல்லா ஜினெஸ்திராவில் கூடிய விவசாயிகள்மீது ஜூலியானோ கூட்டம் சுட்டதில், குழந்தைகள் உட்பட 11 பேர் மாண்டனர். றோசியின் கமெரா அந்த மக்களையே நோக்குகின்றது. ஜூலியானோவைக் காட்டிக் கொடுத்த பிஷொத்தா, கொள்ளையரும் பொலிஸும் மாபியாவும் ஓருடலே என்று நீதிமன்றத்தில் சொன்னவர், 1954 இல் சிறையிலே நஞ்சூட்டிக் கொல்லப்பட்டதையும் அப்படம் மறைக்கவில்லை.

பிஷொத்தாவின் முடிவை அறிந்தவர்களுக்குப் புஷெத்தாவின் மற்றொரு மௌனமும் விளங்கும். 1984 இல் அவர் அரசியல்வாதிகளைப் பற்றிப் பேச மறுத்தார். பல்கோனே கொல்லப்பட்ட பின்னரே பேசினார். பலமுறை பிரதமராயிருந்த ஜூலியோ அந்திரியோத்தி, 1980 வரை மாபியாவோடு கொண்டிருந்த தொடர்பு நிரூபணமாயிற்று எனினும் காலங்கடந்தமையால் தண்டிக்க இயலாது என 2003 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. புஷெத்தா அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 2000 இல், அமெரிக்காவில் மாற்றுப் பெயரின் பாதுகாப்பிலே நோயுற்று இறந்திருந்தார்.

சாட்சி கூண்டிலிருந்து இறங்கியதும் அவன் கடமை முடிந்துவிடுகின்றது. கலைஞனின் கடமை அங்கேதான் தொடங்குகின்றது. அரச சாட்சியின் வாய்மொழியை நாம் பயன்படுத்திக்கொள்வோம். அவன் கண்களை இரவல் வாங்கமாட்டோம். சிசிலியின் சரித்திரத்தைப் பார்ப்பதற்கு ரிஸ்ஸோத்தோவின் கண்களும் லா தொர்ரேயின் கண்களும் நமக்கு உண்டு.