குடத்தில் விழாத ஓலை

உத்திரமேரூருக்கு இரண்டு தலபுராணம் இருக்கிறது. ஒன்று சுந்தரவரதப் பெருமாள் கோயிலில் சொல்வது. வனவாசத்தில் பஞ்சபாண்டவர் இங்கே வந்து ஆளுக்கொரு மூர்த்தியை வணங்கினார்களாம். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கருவறை, பல்லவர் காலத்துக் கட்டுமானம். ஏறிப் பார்த்தேன். அழகுதான், மறுக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. பாண்டவர் கதையும் எனக்குப் புதுசில்லை. சாலவாக்கம் பக்கத்தில் விடிய விடிய பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவன் நான். கதை என்று தெரிந்தே சொல்கிறார்கள், தெரிந்தே கேட்கிறோம்.

வில்லங்கம் இரண்டாவது புராணத்தில்தான். அது வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. "இங்கதான் சார் ஜனநாயகம் பொறந்துச்சு" என்பார்கள். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் டி. பிரகாசம் இந்தக் கல்வெட்டைக் காட்டித்தான் கிராமப் பஞ்சாயத்துக்கு வாதாடினார். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இதே பெயரைச் சொன்னார். இதைக் கதை என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

சரி, கல் என்ன சொல்கிறது? முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919லும் 921லும் வெட்டியது. முப்பது குடும்பு. பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது. கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவுக்கும் இடமில்லை. இதுவரைக்கும் மேடையில் சொல்வார்கள், நானும் கைதட்டத் தயார்.

யாருடைய பெயர் ஓலையில் ஏறும் என்பதில்தான் மேடைகள் தொண்டையைக் கனைத்துக்கொள்கின்றன. வரி கட்டும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் ஓதியிருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றிருக்க வேண்டும். படிப்பைக் கூட்டினால் நிலத்தைக் குறைத்துக்கொள்வார்கள். படிக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்று கேட்கக் கூடாது! இன்னொரு விதியும் உண்டு. சேரக் கூடாதவரோடு சேர்ந்து பதிதனானவன் பெயரும் குடத்தில் விழாது. நம்மோடு பழகினவனுக்கே ஓலை இல்லை என்றால் நமக்கு?

ஊரின் பெயரே சதுர்வேதிமங்கலம். பிராமணர் சபை தனக்குள் பதவியைப் பங்கிட்டுக்கொண்ட ஒழுங்கு இது, நல்ல ஒழுங்குதான். ஆனால் இதை மக்களாட்சி என்று பெயர் மாற்றி எழுதுவது வரலாறு ஆகாது, தலபுராணம்தான். அடுத்த நூற்றாண்டில் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டு வரி நீக்கிய நிலங்களை அடுக்கும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு என்று ஒரே மூச்சில் சொல்கிறது. சோழர் கல்லில் நாம் இல்லாமல் இல்லை, இருக்கிற இடம் அது.

ஏரி வாரியத்துக்கு ஆறு பேர் என்கிறது உத்திரமேரூர்க் கல். மடை திறந்து ராத்திரியில் வரப்பு வரப்பாய் அலைந்த நீர்க்கட்டி எங்க தாத்தா மாதிரி ஆள். அந்த வேலைக்கு யாரும் ஓலை எழுதிக் குலுக்கவில்லை, பிறப்பே போதும்.

1948 நவம்பர் 4 அன்று அதே சபையில் அம்பேத்கர் கிராமத்தைக் குறுகிய புத்தியின் இருப்பிடம் என்று சொன்னபோது பலருக்குக் கோபம் வந்தது. 1996இல் மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் பதவி தனித்தொகுதியானது. 1997 ஜூன் 30இல் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பஸ்சை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 2006 வரை தேர்தலை உருப்படியாக நடத்த விடவில்லை. அங்கே வாக்குச் சீட்டில் பெயர் ஏறியதுதான் குற்றம்.

ஆகவே கோயிலுக்குப் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். போங்கள், பாண்டவர் கதையையும் கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவரும் வாத்தியார்கள் அந்தச் சுவர் முன்னால் குடத்தோடு நிறுத்தாமல், தகுதி சொல்லும் வரிகளையும் பிள்ளைகளை விட்டே சத்தமாகப் படிக்கச் சொல்லட்டும். தகுதியில்லாதவர் பட்டியலையும் சேர்த்து.