ஏடும் குரலும்

ஒரு சொற்பொழிவை எவ்வாறு திறனாய்வது? நூல் என்றால் கையில் இருக்கிறது. ஐயம் எழுந்தால் பின்னோக்கிப் புரட்டலாம். சொற்பொழிவோ, பேசி முடித்த கணமே காற்றில் கரைந்துவிடுகிறது. எஞ்சுவது அச்சேறிய உரை மட்டுமே. அவ்வுரையைக் கொண்டு அந்த மாலைப் பொழுதையே மதிப்பிட்டுவிட முடியுமா? அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் நடத்திவரும் நார்ட்டன் சொற்பொழிவுகளை நூல்வடிவில் படிக்குந்தோறும் இவ்வினா நம்முள் எழுகின்றது.

அப்பல்கலைக்கழகத்தில் கலை வரலாற்றின் முதற் பேராசிரியராகத் திகழ்ந்தவர் சார்லஸ் எலியட் நார்ட்டன். தாந்தேயின் காவியத்தை ஆங்கில உரைநடையில் பெயர்த்தவரும் அவரே. அவர் பெயரால் 1925இல் இவ்வறக்கட்டளை நிறுவப்பட்டது. 1926இல் கிரேக்க இலக்கிய அறிஞர் கில்பர்ட் முர்ரே முதற் பொழிவாளராக அழைக்கப்பெற்றார். கவிதையே பொருள், ஆயின் கவிதை என்னும் சொல் இங்கே அகன்ற பொருளுடையது. மொழி, இசை, ஓவியம், சிற்பம் ஆகிய அனைத்திலும் வெளிப்படும் கவித்துவத்தை அது தழுவி நிற்கும். ஒருவர் பெரும்பாலும் ஆறு உரைகள் ஆற்றுவார். கேட்க வருவோருக்குப் பட்டமோ கட்டணமோ தேவையில்லை. கலையின் உயர்ந்த செய்திகளைப் பொதுமக்கள் முன் வைக்கலாம் என்னும் நம்பிக்கையே இதன் அடிப்படை. அந்நம்பிக்கையிலும் குறை இருந்தது. 1979இல் ஹெலன் கார்ட்னர் அழைக்கப்படும் வரை, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அம்மேடையில் ஒரு பெண்குரலும் ஒலிக்கவில்லை.

1939ஆம் ஆண்டில் வந்தவர் இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கி. மகளையும், மனைவியையும், தாயையும் அடுத்தடுத்து இழந்து, போர் மூண்ட ஐரோப்பாவை விட்டு வந்திருந்தார். அவர் உரைகள் பிரெஞ்சு மொழியில் அமைந்தன. அவற்றை உருவாக்கியதில் ரோலான்-மானுவேல், சூவ்சின்ஸ்கி என்னும் நண்பர் இருவருக்குப் பெரும்பங்கு உண்டு. எல்லைகளை வகுத்துக்கொள்ளும் கலைஞனே விடுதலை பெறுகிறான் என்னும் அவரது கருத்து இன்றும் சிந்திக்கத் தக்கது. உரையும் செதுக்கிய கல்லைப் போன்றது. ஆயினும் அதில் கேட்போரை நோக்கித் திரும்பும் முகம் ஒன்றை நாம் காணவில்லை. எழுதியதைப் படித்தல் வேறு. எதிரிருப்பவரோடு பேசுதல் வேறு.

அவருக்குச் சில ஆண்டுகள் முன், 1936இல், கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் ஏடின்றிப் பேசினார். அரங்கு நிறைந்து வழிந்தது. ஆனால் அவ்வுரைகள் நூலாக வெளிவரவே இல்லை. கேட்டவர்களோடு அவை போயின. இது இழப்பே. எனினும் அந்த மாலைகள் வீணாயின என்று எவர் சொல்லத் துணிவார்?

இவ்விரு நிலைகளுக்கும் இடையே ஓர் அரிய பேறாக நமக்குக் கிடைத்திருப்பவை போர்ஹெஸின் உரைகள். அர்ஜென்டீன நாட்டு எழுத்தாளரான அவர் 1967-68இல் ஹார்வர்டில் பேசியபோது அகவை அறுபத்தெட்டு. பார்வை ஏறத்தாழ முற்றும் மறைந்திருந்தது. குறிப்புகளைப் படிக்க இயலாது. அரங்கின் முகங்களையும் காண இயலாது. நினைவிலிருந்தே மேற்கோள்களை எடுத்தார். ஒலிநாடாக்களில் பதிவான அவ்வுரைகள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நூலகத்தில் கிடந்து, 2000ஆம் ஆண்டில்தான் நூலாயின. அவற்றில் தயக்கம் இருக்கிறது. தன்னையே எள்ளும் நகைச்சுவை இருக்கிறது. முடிவு கூறாமல் கேட்போரிடமே ஒப்படைக்கும் பணிவு இருக்கிறது. இளமையில் தந்தை கீட்ஸின் கவிதையை உரக்கப் படிக்கக் கேட்டதே தமக்குக் கவிதையின் வாயிலைத் திறந்தது என்கிறார். குரலால் பெற்றதைக் குரலாலேயே திருப்பித் தந்தார் எனலாம். கண்ணற்றவர் கேட்போரைக் கண்டார் என்பது நம் துணிபு.

1973இல் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் பியானோவின் முன் அமர்ந்து பேசினார். சோம்ஸ்கியின் மொழியியலைக் கொண்டு இசைக்கும் இலக்கணம் காண முயன்றார். பெயர்ச்சொல், வினைச்சொல் என இசைக்கூறுகளை அவர் ஒப்பிடுமிடங்கள் வலிந்து கொண்டவை என அறிஞர் பலர் மறுத்தனர்; நாமும் உடன்படுகிறோம். ஆயினும் அவ்வுரைகள் தூண்டிய ஆர்வம் வீண்போகவில்லை. இசைஞர் ஃப்ரெட் லெர்டாலும் மொழியியலார் ரே ஜாக்கன்டாஃபும் கூடி ஆய்ந்து, 1983இல் இசையின் இலக்கணம் பற்றிச் செறிவான நூலொன்றை வெளியிட்டனர். தவறிய விடை, சரியான வினாவை விதைத்துச் சென்றது. பிழையற்ற, ஆனால் எவரையும் அசைக்காத உரையினும் இது மேலன்றோ?

இத்தாலிய எழுத்தாளர் கால்வினோவின் கதை நெஞ்சைத் தொடுவது. இலக்கியத்தில் இலேசு, விரைவு, துல்லியம், காட்சித் தெளிவு, பன்மை ஆகியவை பற்றி ஐந்து உரைகளை எழுதி முடித்தார். ஆறாவது எழுதப்படவில்லை. புறப்படுமுன், 1985 செப்டம்பரில், இறந்தார். எழுதப்பட்டும் பேசப்படாத அவ்வுரைகள் இன்று மிகுதியாகப் படிக்கப்படுகின்றன. அப்படியாயின் குரல் தேவையில்லையா? நாம் அவ்வாறு கருதவில்லை. அவ்வேடுகளில் ஓர் அரங்கு காத்திருக்கிறது. அறியாத கேட்பவரை மனத்திருத்தி, அவருக்குப் புரியவேண்டுமே என்னும் அக்கறையோடு ஒவ்வொரு வாக்கியமும் அமைந்திருக்கிறது. ஆகவே ஏடா குரலா என்பதன்று வினா. கேட்பவர் பேசுபவரின் உள்ளத்தில் இருந்தாரா என்பதே வினா.

இந்த அளவுகோலை நம் பக்கமும் திருப்பிக்கொள்வது நன்று. நம் பல்கலைக்கழகங்களிலும் அறக்கட்டளைச் சொற்பொழிவுகளுக்குக் குறைவில்லை. வரவேற்புரை நீள்கிறது, பொன்னாடைகள் விழுகின்றன, பின் ஒருவர் கட்டுரையைத் தலைநிமிராமல் படித்து முடிக்கிறார். முன்வரிசையில் துறையினர், பின்வரிசையில் வருகைப் பதிவுக்காக அமர்த்தப்பட்ட மாணவர்கள். தெருவில் செல்வோர்க்கு அப்படியொரு நிகழ்ச்சி நடப்பதே தெரிவதில்லை. பொருட்செலவோ புலமையோ அங்கே குறைவன்று. கேட்பவர் மீதுள்ள மதிப்பே குறைவு. நாமும் குற்றமற்றவர் அல்லோம். கதவு திறந்திருந்த நாள்களிலும், நமக்கென்ன என்று கடந்து போனவர்கள்தாமே நாம்? பேசுபவர் தலைநிமிர வேண்டுமாயின், எதிரே விருப்பத்தோடு வந்தமர்ந்த ஒரு முகமேனும் இருத்தல் வேண்டும்.