ரத்தமும் ஷிப்ட் அட்டவணையும்

எட்வர்ட் புல்மோரின் 'தி இன்ஃப்ளேம்ட் மைண்ட்' (2018) நூலை ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்துதான் படித்தேன். நைட் ஷிப்ட் முடிந்து எல்லாரும் தூங்கிக்கொண்டு வருவார்கள். அந்த வருஷம் எனக்குத் தூக்கமும் இல்லை, எதிலும் பிடிப்பும் இல்லை. "சும்மா யோசிக்காதடா, எல்லாம் சரியாயிடும்" என்பார் லைனில் சீனியரான அண்ணன். அக்கறையாகத்தான் சொல்வார். எனக்கோ 'தப்பு உன்மேலதான்' என்று கேட்கும்.

அந்தப் பழியை இறக்கி வைத்ததுதான் இந்த நூல் எனக்குச் செய்த உதவி. மனநல மருத்துவரான புல்மோர், ரூட் கெனால் செய்துகொண்ட அன்று தான் சோர்ந்துபோனதிலிருந்து தொடங்குகிறார். அழற்சியின்போது நோய் எதிர்ப்பு செல்கள் சுரக்கும் சைட்டோகைன்களின் செய்தி மூளைக்கும் போகிறது. ஹெபடைடிஸ் சி-க்காக இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்ட பலருக்கு மனச்சோர்வு வந்திருக்கிறது. மனசு வேறு, உடம்பு வேறு என்று பிரித்து வைத்த மருத்துவத்தின்மேல் அவருக்குள்ள கோபம்தான் நூலின் உயிர்.

அழுத்தமும் அழற்சியைத் தூண்டும் என்று அவரே எழுதுகிறார். கார்டிசால் அழற்சியை அடக்கும் ஹார்மோன். அழுத்தம் மாதக்கணக்கில் நீண்டால் நோய் எதிர்ப்பு செல்கள் அதன் பேச்சைக் கேட்பதில்லை. காலையில் ஏறி நள்ளிரவில் இறங்கவேண்டிய அதன் கணக்கு, ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும் உடம்பில் குழம்பிவிடுகிறது.

என் குறை, சிகிச்சைப் பகுதியில். மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்ததை மறைக்காத புல்மோரின் நம்பிக்கை, புதிய மருந்துகள் பக்கமே சாய்கிறது. 2013-இல் வெளியான இன்ஃப்ளிக்ஸிமேப் ஆய்வில் இருந்தவர்கள் 60 பேர். மொத்தமாகப் பார்த்தால் பலன் இல்லை. ரத்தத்தில் அழற்சி அளவு கூடுதலாக இருந்தவர்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது. அது ஒரு தடயம்தான், இன்னும் சிகிச்சை ஆகவில்லை. கோவாவிலோ, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசியே கடும் மனச்சோர்வைக் குறைத்ததாக 2017-இல் 'லான்செட்' இதழில் ஆய்வு வந்தது. அதற்கு ரத்தப் பரிசோதனை தேவைப்படவில்லை.

எனக்கு மாத்திரையும் உதவியது, ஜெனரல் ஷிப்ட்டும் உதவியது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அண்ணனிடம் நூலைப் பற்றிச் சொன்னேன்.

"அப்ப பிளட் டெஸ்ட்லயே தெரிஞ்சிடுமா?"

"இன்னும் அந்த அளவுக்கு வரலண்ணே."

"சரி, ஷிப்ட் போடுறவருக்குத் தெரியுமா?"

புல்மோர் விட்ட அத்தியாயம் அதுதான்.